முடிவிலி வந்தால் சில இடத்தில் பதறுகிறார்கள், சில இடத்தில் சும்மா இருக்கிறார்கள், ஏன்?

கொருக்குப்பேட்டையிலிருந்து பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "சார், அண்டம் முடிவே இல்லாதது என்கிறார்கள். கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலி என்கிறார்கள். ஆனால் வேறு சில இடத்தில் விடை முடிவிலி என்று வந்தால் கோட்பாடே தப்பு என்கிறார்கள். ஒரே ஆளை ஒரு வீட்டில் உட்கார வைத்து, இன்னொரு வீட்டில் விரட்டுவது என்ன நியாயம்? கடைசியாக ஒன்று, அசைன்மென்ட்டில் கருந்துளையின் அடர்த்தி முடிவிலி என்று எழுதலாமா, கூடாதா?"

தம்பி, நியாயமான கோபம்தான். பாடப்புத்தகங்கள் இதைச் சேர்த்து வைத்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு விதமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் இதுவரை முடிவிலி என்று ஒரு அளவைக் காட்டியதில்லை. தராசோ கடிகாரமோ தொலைநோக்கியோ, எதுவானாலும் ஒரு எண்ணைத்தான் தரும். அப்படியானால் முடிவிலி எப்போதும் நம் கணக்குத்தாளின் பக்கத்திலிருந்துதான் வருகிறது. சில இடங்களில் அதை நாமே வேண்டுமென்று கூப்பிடுகிறோம். சில இடங்களில் கூப்பிடாமலே வந்து நிற்கிறது. அண்டத்தின் அளவு விஷயத்தில் மட்டும் வந்திருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. நீங்கள் பார்த்த முரண்பாடு இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

நாமே கூப்பிடுவதிலிருந்து தொடங்குகிறேன். பிளஸ் டூவில் காஸ் விதி படிக்கும்போது 'முடிவிலா நீளம் கொண்ட மின்னூட்டம் பெற்ற கம்பி' என்று ஒரு கணக்கு போட்டிருப்பீர்கள். பாரிமுனையில் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் அப்படி ஒரு கம்பி கிடைக்காது. கம்பியின் நுனிகள் வெகுதூரத்தில் இருந்தால் அவற்றால் விடை மாறப்போவதில்லை, எதற்கு வீணாக அவற்றையும் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் அங்கே சங்கதி. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

ஆனால் இதே வகையில் கொஞ்சம் விவகாரமான ஒன்று டீக்கடை பாய்லரிலேயே இருக்கிறது. கடல் மட்டத்தில் இருக்கும் நம் பக்கத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 99-இல் திரவம், 100-ஐத் தாண்டினால் ஆவி. நடுவில் திடீரென்று ஒரு தாவல். இந்தத் தாவலை மூலக்கூறுகளிலிருந்து விளக்கப் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். தண்ணீரில் இத்தனை மூலக்கூறு என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, புள்ளியியல் இயற்பியல் சொல்கிறபடி, அவை இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உறுப்பு வைத்துக் கூட்டினால் தாவலே வராது. ஒவ்வொரு உறுப்பும் வெப்பநிலையோடு வழவழப்பாக மாறுவது. அவற்றை எத்தனை கோடி முறை கூட்டினாலும் வழவழப்பான கோடுதான் கிடைக்கும். எண்ணிக்கை முடிவிலி என்று வைத்தால்தான் கோடு உடைந்து தாவல் பிறக்கிறது. லார்ஸ் ஆன்சாகர் 1944-இல் காந்தத்துக்கான இருபரிமாண மாதிரி ஒன்றில் இதைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டினார். யாங்கும் லீயும் 1952-இல் அது ஏன் அப்படி என்று பொதுவாகவே விளக்கினார்கள்.

அப்படியென்றால் டம்ளரில் முடிவிலி மூலக்கூறு இருக்கிறதா? இல்லை. 200 மில்லி தண்ணீரில் சுமார் 6.7×10²⁴ மூலக்கூறுகள். இது பெரிய எண், ஆனால் எண்தான். உண்மையான கோடு மிக மிக இறுக்கமாக வளைகிறது. அந்த வளைவை எந்த தெர்மாமீட்டராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இங்கே முடிவிலி என்றால் 'இதற்கு மேல் கூட்டினாலும் விடை மாறாது' என்று பொருள், அவ்வளவுதான். அறிவியல் தத்துவம் படித்தவர்கள் இதை வைத்து இன்றும் சண்டை போடுகிறார்கள். முடிவிலி இல்லாமல் கொதிப்பதை விளக்கவே முடியாது என்று ஒரு கட்சி, அது வெறும் வசதி என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

அடுத்தது கூப்பிடாமல் வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது, சூடான அடுப்புக்குள் எவ்வளவு ஒளி இருக்கும் என்று பழைய விதிகளின்படி கணக்குப் போட்டால் முடிவிலி என்று வந்தது. அதிர்வெண்கள் எத்தனை வேண்டுமானாலும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சம பங்கு ஆற்றல் என்றால் வேறென்ன வரும்? மேக்ஸ் பிளாங்க் 1900 டிசம்பரில் ஆற்றல் துண்டு துண்டாகத்தான் கைமாறும் என்று வைத்தார், விடை சரியாக வந்தது. இந்த முடிவிலியைக் கண்டு பயந்துதான் பிளாங்க் குவாண்டத்தைக் கண்டுபிடித்தார் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அது பிற்காலத்தில் ஒழுங்குபடுத்திய கதை. அவர் பெர்லின் ஆய்வகத்தின் அளவீடுகளுக்குப் பொருந்தும் சமன்பாட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார். 'புற ஊதாப் பேரழிவு' என்ற பெயரே 1911-இல் எரன்ஃபெஸ்ட் வைத்தது.

எலக்ட்ரானுக்கும் இதே வியாதி. அதை ஒரு புள்ளி என்று கொண்டால், அதன் மின்புலத்தின் ஆற்றல் முடிவிலி. குவாண்டம் முறையில் போட்டாலும் முடிவிலி போகவில்லை. 1947-இல் ஹைட்ரஜன் அணுவில் லாம்ப் ஒரு சிறிய ஆற்றல் வித்தியாசத்தை அளந்தார். ஷெல்டர் தீவு மாநாட்டில் அதைக் கேட்டுவிட்டு ரயிலில் திரும்பிய ஹான்ஸ் பெத்தே, வழியிலேயே அதற்குக் கணக்குப் போட்டார். முடிவிலியை இரண்டு இடத்தில் எழுதி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஓர் எல்லைக்கு மேல் கூட்டுவதை நிறுத்தினார். அவருக்குக் கிடைத்தது சுமார் 1040 மெகாஹெர்ட்ஸ். நாம் இன்று அறிந்த அளவு 1057. டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் இதை முறையான வழியாக்கி 1965-இல் நோபல் பெற்றார்கள். எலக்ட்ரானின் காந்தத் திறனைப் பொறுத்தவரை இன்று கோட்பாடும் சோதனையும் பத்து இலக்கத்துக்கும் மேல் ஒத்துப்போகின்றன. எலக்ட்ரானுக்குக் குவாண்டம் சமன்பாடு எழுதிய டிராக்குக்கு மட்டும் கடைசிவரை இது பிடிக்கவில்லை. ஏன் இந்தக் கழித்தல் வேலை செய்கிறது என்பது கென்னத் வில்சன் வந்த பிறகுதான் புரிந்தது. நம் கோட்பாடு ஓர் அளவு நுணுக்கம் வரைதான் செல்லும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமலே பூஜ்ஜிய தூரம் வரை இழுத்துக்கொண்டு போனதால் வந்த முடிவிலி அது.

இந்தக் கழித்தலை நீங்களே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, அது நம் ஊர்ச் சரக்கு. 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தவர் ராமானுஜன். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். 1913 பிப்ரவரி 27 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், என் கோட்பாட்டின்படி 1+2+3+4+… என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 வரும், இதைச் சொன்னால் உடனே என்னைப் பைத்தியக்கார மருத்துவமனைக்குப் போகச் சொல்வீர்கள் என்று எழுதினார். நம் ஊர்க்காரர் வாயில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று வருமே, அதேதான். ஹார்டிக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. ஜெர்மன் கணித மேதை ரீமன் 1859-இல் எழுதிய சார்பில் அந்த மதிப்பு ஏற்கெனவே ஒளிந்திருந்தது.

சரி, இப்போது எக்ஸெலைத் திறங்கள். 1, 2, 3… என்று அப்படியே கூட்டாமல், ஒவ்வொரு எண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். முதல் எண்ணை 0.9048-ஆல் ஒரு முறை பெருக்குங்கள், இரண்டாவதை இரண்டு முறை, மூன்றாவதை மூன்று முறை. (0.9048 என்பது எக்ஸ்பொனென்ஷியல் −0.1, அந்தச் சார்பையே நேராகப் போட்டுவிட்டால் இலக்கம் பிசகாது.) முதல் மூன்று உறுப்புகள் சுமார் 0.905, 1.637, 2.222 என்று வரும். சில நூறு வரிசை போனால் உறுப்புகள் தேய்ந்து காணாமல் போகும். மொத்தக் கூட்டல் 99.9167. அதாவது 100-க்கு 0.0833 குறைவு. 1/12 எவ்வளவு என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 0.0833! அமுக்குவதை இன்னும் இலேசாக்கி 0.1-க்குப் பதில் 0.01 வைத்தால், சில ஆயிரம் வரிசை ஓட்டியபின், கூட்டல் 9999.9167. பெரிய எண் 100-லிருந்து 10,000-க்கு ஏறிவிட்டது. வாலில் ஒட்டிய −1/12 மட்டும் அசையவில்லை. அமுக்குவதை அடியோடு விட்டால் பெரிய பகுதிதான் முடிவிலிக்கு ஓடுகிறது. ராமானுஜன் எழுதியது ஓடாமல் நின்ற பகுதியை.

இது வெறும் வித்தை என்று நினைத்தால், ஹென்ட்ரிக் காசிமிர் 1948-இல் சொன்னதைக் கேளுங்கள். குவாண்டம் கோட்பாட்டின்படி வெற்றிடத்திலும் ஒவ்வொரு மின்காந்த அலைக்கும் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் உண்டு. எதிரெதிரே இரண்டு உலோகத் தகடுகளை வைத்தால், நடுவில் அந்த இடைவெளிக்குள் அடங்கும் அலைகள் மட்டுமே நிற்க முடியும். ஒரு பரிமாணத்தில் யோசித்தால் அவற்றின் அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்ற விகிதத்தில் போகும். ஆற்றலைக் கூட்டினால் அதே 1+2+3+4. மிக அதிக அதிர்வெண் கொண்ட அலைகள் உலோகத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அமுக்குவது நம் தந்திரம் அல்ல, தகடே செய்கிற காரியம். பெரிய பகுதி தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் இருக்கும். வெளியே இருப்பதோடு கழிந்துவிடும். மிஞ்சுவது −1/12. தகடுகள் ஒன்றை ஒன்று இழுக்கும். முப்பரிமாணத்தில் எண்களின் கனங்கள் வரும், −1/12-க்குப் பதிலாக 1/120 வரும், மற்றபடி கதை அதேதான். ஸ்டீவ் லாமொரோ 1997-இல் இந்த விசையை அளந்தார். நல்ல உலோகத் தகடுகளின் இடைவெளி ஒரு மைக்ரான் என்றால் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுதான். இடைவெளி பாதியானால் பதினாறு மடங்கு ஏறும்.

இதில் அண்டத்துக்கு ஒரு பெரிய சிக்கல் காத்திருக்கிறது. தகடு விஷயத்தில் வித்தியாசம் மட்டும் போதும், பெரிய பகுதியைத் தூக்கி எறியலாம். ஈர்ப்பு விசையோ மொத்த ஆற்றலையும் பார்க்கும். பிளாங்க் நீளம் என்கிற, கோட்பாட்டில் பொருள் தரும் மிகச் சிறிய தூரம் வரை கூட்டிப் பார்த்தால், அண்டம் வேகமெடுத்து விரிவதிலிருந்து 1998-க்குப் பிறகு நாம் ஊகித்த அளவைவிட 10¹²⁰ மடங்கு அதிகமாக வருகிறது. இன்றுவரை யாராலும் இதைச் சரிசெய்ய முடியவில்லை.

இப்போது கருந்துளை. இதிலும் ஒரு சென்னைக்காரர் வருகிறார். மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில், எரிந்து ஓய்ந்த விண்மீன் ஒன்றின் எடை கூடக்கூட அது சுருங்கிக்கொண்டே வரும், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடையை எட்டும்போது சமன்பாட்டில் ஆரம் பூஜ்ஜியமாகிவிடும் என்ற பாதையில் இறங்கினார். அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில், விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று எல்லார் முன்னாலும் கிண்டலாகப் பேசினார். எடிங்டன் வில்லன் என்றுதான் நாம் சொல்லி வருகிறோம், அவர் பேசிய விதத்துக்கு அது தகும். ஆனால் பூஜ்ஜிய ஆரம் என்று வந்ததும் சந்தேகப்பட்டது தவறல்ல. தப்பு எங்கே என்றால், சந்திரசேகரின் எல்லையை உடைக்கப் பார்த்ததில். எல்லை சரி. அதைத் தாண்டிய விண்மீன் நியூட்ரான் விண்மீனாக நிற்கும், அல்லது இன்னும் உள்ளே விழும். சந்திரசேகருக்கு நோபல் வர 1983 ஆனது.

உள்ளே விழுந்தால்? ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் சமன்பாட்டுக்கு ஷ்வார்ட்ஸ்சைல்ட் 1916-இல் எழுதிய தீர்வில் இரண்டு இடத்தில் முடிவிலி தலைகாட்டியது. ஒன்று நடுவில். இன்னொன்று கருந்துளையின் விளிம்பில். சூரியன் அளவு எடைக்கு மூன்று கிலோமீட்டர் ஆரத்தில். விளிம்பில் வந்த முடிவிலி பல காலம் ஆட்களைக் குழப்பியது. அது அளவெடுத்த கட்டங்களின் குறை. வேறு ஆயங்களை, அதாவது இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் வேறு எண்களை, வைத்து எழுதினால் மறைந்துவிடும். எவ்வளவு பெரிய ஆட்கள் எவ்வளவு வருஷம் இதில் தடுமாறினார்கள் என்று பார்த்தால், முடிவிலியைக் கண்டதும் 'அங்கே ஏதோ நடக்கிறது' என்று முடிவு கட்டக்கூடாது என்று புரியும்.

நடுவில் இருப்பது அப்படி மறையாது. ஆனால் அங்கே நிரூபிக்கப்பட்டது என்ன என்று கவனியுங்கள். ரோஜர் பென்ரோஸ் 1965-இல், கல்கத்தாவின் அமல்குமார் ராய்சவுத்ரி 1955-இல் எழுதிய சமன்பாட்டின் வழியே காட்டியது, உள்ளே போகும் பாதைகள் ஓர் இடத்துக்கு மேல் நீள முடியாமல் முடிந்துவிடும் என்பதை. அடர்த்தி முடிவிலி என்ற வாக்கியம் அவர் தேற்றத்தில் இல்லை. ஐன்ஸ்டீனின் சமன்பாடு தன் எல்லையைத் தானே சொல்கிறது, அவ்வளவுதான். அதற்குமேல் குவாண்டமும் ஈர்ப்பும் சேர்ந்த கோட்பாடு வேண்டும், அது நம்மிடம் இல்லை. பெருவெடிப்பின் தொடக்கத்தில் வெப்பநிலை முடிவிலி என்று எழுதுவார்களே, அதற்கும் இதே பதில்தான்.

மிஞ்சியது அண்டத்தின் அளவு. காசிமேட்டில் கரையோரம் நின்று பாருங்கள். கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4.4 கிலோமீட்டரில். கடல் அங்கே முடியவில்லை என்பது விசைப்படகில் போகிற எவருக்கும் தெரியும். ஆனால் கரையை விட்டு நகராமல், அந்த 4.4 கிலோமீட்டரை மட்டும் அளந்து கடல் எவ்வளவு பெரியது என்று சொல்லச் சொன்னால் திண்டாட்டம்தான். அண்டத்தில் நம் நிலை இதுதான். அதன் வயது 1380 கோடி ஆண்டு. விரிவையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் சுமார் 4600 கோடி ஒளியாண்டு வரை நமக்கு ஒளி வந்திருக்கிறது. அதற்குள் வளைவு இருக்கிறதா என்று பிளாங்க் செயற்கைக்கோள் பார்த்ததில், ஆயிரத்தில் சில பங்கு துல்லியத்தில் தட்டையாக இருக்கிறது. துல்லியமாகத் தட்டை என்றால் முடிவிலியாக இருக்கலாம். தட்டையாக இருந்தும் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்து சேரும் அமைப்பும் சாத்தியம். மிக இலேசான வளைவு இருந்தாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 'அண்டம் முடிவே இல்லாதது' என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் அளவீட்டைத் தாண்டிப் பேசுகிறார்.

இதோடு ஒட்டி வரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஒரு புள்ளியிலிருந்து தொடங்கியது எப்படி முடிவிலியாக வளர முடியும்? முடியாது. அண்டம் இன்று முடிவிலி என்றால் பெருவெடிப்பின்போதும் முடிவிலிதான். எங்கும் நெரிசலாக இருந்தது, அவ்வளவே. புள்ளி போலச் சுருங்கியிருந்தது நாம் பார்க்கிற இந்தப் பகுதி மட்டும்.

முடிவிலியை வானத்தைப் பார்த்தே சோதித்த இடம் ஒன்று உண்டு. அண்டம் எல்லையற்றது, என்றும் இருந்தது, அசையாதது என்று வைத்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் கடைசியில் ஒரு விண்மீனின் மேற்பரப்பில் பார்வை முட்டும். தூரம் இரட்டித்தால் ஒரு விண்மீனின் ஒளி நாலில் ஒன்றாகும், ஆனால் அந்தத் தூரத்து அடுக்கில் விண்மீன்கள் நாலு மடங்கு. ஒவ்வொரு அடுக்கும் அதே அளவு ஒளி தரும். இரவு முழுக்கச் சூரியனைப் போல் தகதகக்க வேண்டும். ஓல்பர்ஸ் 1823-இல் எழுதியது, அதற்கு இருநூறு ஆண்டு முன்பே கெப்ளர் தொட்டது. மணலிப் பக்கம் ஆலை வெளிச்சத்தில் வானம் கறுப்பாகத் தெரியாது, அது வேறு. இரவு இருட்டாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அண்டத்துக்கு வயது உண்டு என்பது; தூரத்து ஒளி வந்து சேர நேரமில்லை. விரிவு ஒளியை இன்னும் மங்கவைக்கிறது. அதாவது இருட்டு, முடிவிலா காலத்தைத்தான் விலக்குகிறது, முடிவிலா இடத்தை அல்ல.

முடிவிலா அண்டத்தில் எங்கோ இன்னொரு கொருக்குப்பேட்டை, அதில் இன்னொரு நீங்கள் என்று வீடியோக்களில் வரும். கணக்கில் தப்பில்லை, ஆனால் சோதிக்க வழியில்லாததால் எனக்கு அதில் ருசி இல்லை. பல அண்டக் கோட்பாடுகளிலும் இதே தொல்லை: எந்த வகை அண்டம் அதிகம் என்று கேட்டால் முடிவிலியை முடிவிலியால் வகுக்க வேண்டும். எந்த வரிசையில் எண்ணுகிறோமோ அதற்குத் தக்க விடை மாறும்.

அசைன்மென்ட்டுக்கு வருகிறேன். "கருந்துளையின் மையத்தில் அடர்த்தி முடிவிலி" என்று மட்டும் எழுதினால், திருத்துகிறவரைப் பொறுத்து மதிப்பெண் கிடைக்கலாம். அரைகுறையான வாக்கியம் அது. "பொதுச் சார்பியலின்படி மையத்தை நெருங்கும்போது ஈர்ப்பின் வளைவு எல்லையின்றி உயர்கிறது, அங்கே அந்தக் கோட்பாடு செல்லாது, குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு தேவை" என்று எழுதுங்கள். விளிம்பில் வரும் முடிவிலி ஆயங்களின் குறை என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. எக்ஸெல் கணக்கையும் ஒட்ட நினைத்தால் 0.1, 0.01 இரண்டுக்கும் போட்டு, வித்தியாசத்தைத் தனிப் பத்தியாகக் காட்டுங்கள். ராயபுரத்தில் கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன் முயற்சியில் உருவான ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், சமர்ப்பிக்கும் முன் ஒரு நடை போய் வாருங்கள்.